மூளிச்சாமிக்கு ஒரு தலை

பெரம்பலூர்
19.11.2023, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

மலர்க்கொடி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா, அங்கே மழை விட்டதா என்று எழுதுங்கள்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழுவினேன். பல் விளக்குவதற்கும் முன்னால். வாரிலெல்லாம் வெள்ளை மண் அப்பிக் காய்ந்துபோயிருந்தது. இவர் பார்த்துவிட்டு, "நேத்து எங்க போயிட்டு வந்த, சுண்ணாம்புக் காளவாய்க்கா?" என்றார். எங்கள் ஊருக்கு என்றேன். "அங்கதான் யாருமில்லையே" என்றார். அவர் சொல்வது சரிதான். அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் கப்பலேறி அந்தமானுக்குப் போய் இரண்டரை வருடம். பூட்டிய வீட்டைப் பார்க்க யார் போவார்கள்.

நான் வீட்டைப் பார்க்கப் போகவில்லை. எங்கள் கல்லூரிப் பெண்களை ஒரு நாள் பயணம் அழைத்துப்போனார்கள். நூலகர் சும்மாதானே இருக்கிறார் என்று என்னையும் துணைக்கு ஏற்றிவிட்டார்கள். அரியலூர் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, திருமானூருக்கு முன்பே பஸ் திரும்பியபோதுதான் நம் ஊர் மேலவெண்குடிக்குப் போகிறோம் என்று உறைத்தது. "மேடம், இங்க ஒரு பழைய புத்தர் கோயில் இருக்காம்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். எனக்குச் சிரிப்பு வந்தது. சாமிமேட்டில் தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நம்முடைய மூளிச்சாமிதான் அது.

இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. மேட்டைச் சுற்றிலும் தோண்டி, பழைய விகாரையின் அடித்தளச் செங்கல்லை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். நடுவில் தூண் வைத்துக் கூரை போட்டு அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய்க் கல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மடியில் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக. சின்ன வயதில் அந்த மடியில் நாங்கள் புளியங்கொட்டை வைத்து விளையாடியது நினைவுக்கு வந்து, என்னவோபோல் ஆகிவிட்டது.

பக்கத்தில் பழைய ரேஷன் கடைக் கட்டடம். அதில் இரண்டு அறையில் ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார் அண்ணனின் கூட்டாளி வீரமணி. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. பெண்கள் வாசலிலேயே நின்றதும், "உள்ள எடம் இருக்கு, முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்றார். கல்லாய்ப் போன சங்கு, நத்தை, முதுமக்கள் தாழி ஒன்று, கூலி நெல் அளந்த படி, நம் தெருவில் எடுத்த கதிர் அரிவாள், எல்லாவற்றிலும் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டிருக்கிறார். ஒரு மேசையில் வெறும் அட்டை மட்டும் இருந்தது. "புத்தரின் தலை. கிடைக்கவில்லை. தகவல் தெரிந்தவர் சொல்லவும்."

வெறும் மேசைக்கு எதற்கு அண்ணே அட்டை என்றேன். "எடம் போட்டு வச்சிருக்கேன். வந்தா உக்காரட்டும்" என்றார்.

ஆனால் ஊர்க் கமிட்டியார் அதற்குள் காத்திருந்து சலித்துவிட்டார்கள். வரும் வைகாசிப் பௌர்ணமிக்குச் சிமெண்டில் தலை செய்து பொருத்தப்போகிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அந்தக் கழுத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். அங்கே ஒரு முகம் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியதே இல்லை. இப்போது அந்த முகத்தைத் தவிர வேறு நினைப்பில்லை.

அம்மா உங்களிடம் மூளிச்சாமியைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா?

போனில் என் குரலில் அண்ணனின் குரல் கேட்கிறது, எழுது மலர் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எழுதுவதுதான் பழகிவிட்டது. பதில் போடுங்கள்.

உங்கள்
மலர்க்கொடி

*

ஹட்பே, சின்ன அந்தமான்
16.12.2023

அன்பு மலருக்கு,

வெற்றிச்செல்வி எழுதுவது. முதுகுவலி பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் மகன் விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நான் ஒரு விடுதிக்குக் காப்பாளர் என்பதால் கேட்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டேன் என்று சொல்வதை நம்பாதே.

இங்கே புயல் சின்னத்தால் பத்து நாள் கப்பல் இல்லை. காய்கறி வரவில்லை. முப்பத்தாறு பெண்பிள்ளைகளுக்கும் மூன்று வேளையும் பருப்புத்தான். தேங்காய் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. என் அறை ஜன்னலைத் திறந்தால் கடல். ராத்திரி அலைச் சத்தம் நம் ஊரில் நெல் தூற்றுகிற சத்தம் மாதிரி இருக்கும்.

வீரமணி அண்ணனை விசாரித்ததாகச் சொல். நல்ல மனுஷன். உன் அண்ணன் காரியத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்ததிலிருந்து எல்லாம் அவர்தான்.

சிமெண்டுத் தலை முடிவாகிவிட்டதா? கட்டாயம் வைகாசிக்கேவா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அண்ணி

*

பெரம்பலூர்
8.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை. இவருக்குச் சளி, அவ்வளவுதான். பொங்கலுக்கு இந்தத் தடவையும் உங்களுக்குக் கரும்பு அனுப்ப வழியில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

முடிவாகிவிட்டது அண்ணி. நேற்று மறுபடி போயிருந்தேன். இந்த முறை தனியாக. "கல்லைப் பாக்கன்னு ஒருத்தி ரெண்டு பஸ் மாறிப் போறா" என்று இவர் கிண்டல் செய்தார். சிற்பி வந்து களிமண்ணில் மாதிரி செய்து காட்டினாராம். போட்டோ பார்த்தேன். நல்ல செழிப்பான கன்னம். கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் மாதிரி இருக்கிறார். வீரமணி அண்ணனுக்கும் பிடிக்கவில்லை. "தல இல்லாம ஆயிரம் வருசம் உக்காந்திருந்தாரு. அதுக்கு ஒரு தெம்பு வேணும் பாத்துக்க. இப்ப போய் ஒட்டுப்போடுறானுவ" என்றார். ஆனால் கமிட்டியில் ஐந்து பேர் அந்தப் பக்கம், வீரமணி அண்ணன் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம்.

மத்தியானம் வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தேன். யாரும் வரவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு சங்குக் கல்லைக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் எதுவும் இல்லை, உள்ளே எல்லாம் கல். ஒரு காலத்தில் இந்த மேடு கடலுக்கு அடியில் இருந்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறார். வெளியே வந்து மூளிச்சாமி முன்னால் உட்கார்ந்தேன். முந்திரித் தோப்புப் பக்கமிருந்து காற்று வந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம், மேலே வெகு உயரத்தில் மீன்கள் போகின்றன என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ. "மலரு, கடைசி வண்டி போயிரும்" என்று வீரமணி அண்ணன் வந்து எழுப்பும்போது கண் திறந்துதான் இருந்தது.

நேற்று ராத்திரி கனவில் யாரோ என் முகத்தை நேராகப் பார்த்தார்கள். காலையில் அந்த முகம் நினைவில் இல்லை. பார்த்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தேனே. மறந்துவிட்டீர்கள் போல.

மலர்க்கொடி

*

பெரம்பலூர்
20.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு செய்தி. போன வாரம் வீரமணி அண்ணன் ஒரு வேலையாகப் பெரம்பலூர் வந்தவர் நூலகத்துக்கும் வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். "ஒங்க அம்மா இருசம்மா அத்த இருந்தாங்கல்ல, வருசா வருசம் நடவு முடிஞ்ச மறுநாளு மேட்டுக்கு வருவாங்க. சூடம் கீடம் ஒண்ணும் கெடையாது. முன்னாடி நின்னு 'இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கய்யா'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நான் ஆடு மேய்க்கிற காலத்துல ரெண்டு மூணு தடவ கேட்டிருக்கேன்."

எதற்காகப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்? அம்மா யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவர். அவர் இப்படிச் சொன்னார் என்பதை என்னால் மனதில் நிறுத்திப் பார்க்கவே முடியவில்லை.

உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. தெரியாது என்றாவது எழுதுங்கள்.

மலர்க்கொடி

*

ஹட்பே
9.3.2024

மலருக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வராததற்கு உடம்பு காரணமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

தலை என்னிடம் இருக்கிறது.

உட்கார்ந்து படி. எனக்குக் கல்யாணமாகி ஏழாம் நாள், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாத நேரம், உன் அம்மா கதவைச் சாத்தினார். நீ காலேஜுக்குப் போயிருந்தாய். அம்மியை நகர்த்தச் சொன்னார். அடியில் மண்ணைக் கையால் வாரினார். கோணிச் சாக்கில் சுற்றி ஒரு பெரிய தேங்காய் அளவில் கல். துடைத்து என் மடியில் வைத்தார். முகம். கண் பாதி மூடியிருந்தது. என்னைப் பார்க்கவுமில்லை, பார்க்காமலும் இல்லை.

"இவரு உள்ளவரு" என்றார். அந்தப் பேர்தான். உங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த மருமகள் ஒருத்தி நாற்றுப் பறிக்கும்போது சேற்றில் இவர் கிடைத்தாராம். வெளியே சொன்னால் பண்ணையில், எங்கே திருடினாய் என்று கட்டி வைத்து அடிப்பார்கள். போட்டுவிட்டு வரவும் அவளுக்கு மனசு வரவில்லை. சேலையில் மறைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அன்றிலிருந்து குடிசை மாறினாலும் தொகுப்பு வீடு வந்தாலும் அம்மிக்கு அடியில்தான் அவர். வருடத்துக்கு ஒரு தடவை, நடவு முடிந்த அன்று எடுத்துக் கழுவி, ஒரு வாய் கூழ் வைத்துத் திரும்ப மூடிவிட வேண்டும். ஆண்களுக்குத் தெரியாது. உன் அண்ணனுக்கும் கடைசிவரை தெரியாது.

மலருக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே. "இது மவளுக்குச் சொல்ற சேதி இல்லடி. மவ போற எடத்துல சொல்லிப்புடுவா. மருமவதான் இங்கயே கெடந்து சாவா."

நான் அங்கேயே கிடக்கவில்லை. உன் அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. அடுத்த மருமகள் என்று யாருமில்லை, எனக்குத்தான் பிள்ளையே இல்லையே. விட்டுவிட்டு வர முடியவில்லை. அரிசி மூட்டைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தேன். மூன்று நாளும் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். இங்கே புதைக்க அம்மியும் இல்லை, மண் தரையும் இல்லை. ஜன்னல் திண்டில் வைத்தேன். முதன்முதலாக வெளிச்சத்தில் இருக்கிறார். கடலைப் பார்த்தபடி. பிள்ளைகள் தாத்தா என்கிறார்கள். சாயங்காலம் கணக்கு நோட்டெல்லாம் மூடிவைத்தபின் அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொல்லுவேன். பழக்கமாகிவிட்டது.

இப்போது உனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

அண்ணி

*

பெரம்பலூர்
20.3.2024

அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்யாணமாகிப் போகிறவரை அந்த அம்மியில் சட்னி அரைத்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, பாடம் முணுமுணுத்துக்கொண்டே அரைப்பேன். பரீட்சைக்கு, வேலைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த மூலையில் உட்கார்ந்துதான் அழுதேன். எனக்கு அரை முழம் கீழே அவர் இருந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் அடுப்பு ஊதிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருந்திருக்கிறார். வந்து ஏழு நாளான உங்களிடம் சொன்னவருக்குப் பெற்ற பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

நானும் ஒரு வீட்டுக்கு மருமகள்தான். என் மாமியார் எந்தக் கதவையும் சாத்தி எதையும் காட்டவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையோ என்னவோ. ஆக, எனக்கு இரண்டு பக்கமும் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பு இங்கே வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. தலை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிமெண்டுத் தலை அடுத்த மாதம் லாரியில் வருகிறது. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மலர்க்கொடி

*

ஹட்பே
21.4.2024

அன்பு மலருக்கு,

உன் கோபம் நியாயம். உன் நலத்தை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் விடுதிதான் வாக்குச்சாவடி. பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, பெஞ்சை நகர்த்தி, ஒரே களேபரம். ஓட்டுப் போட வந்த ஒரு கிழவி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எந்தச் சாமி என்று தோன்றியதோ.

எங்கள் சமையற்காரம்மா ஜெயசித்ரா, அவர் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் திருச்சி வருகிறார். இருபத்தெட்டாம் தேதி கப்பல். சென்னையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவார். ஊறுகாய்க் கல் என்று சொல்லியிருக்கிறேன். உன் போன் நம்பர் கொடுத்திருக்கிறேன்.

நேற்று நல்ல தண்ணீரில் கழுவினேன். நடவும் இல்லை, கூழும் இல்லை. கஞ்சி வைத்தேன். என் பழைய மஞ்சள் சேலையில் சுற்றியிருக்கிறேன், அதை நீயே வைத்துக்கொள்.

பொறுத்துக்கொள்ளச் சொன்னது எத்தனை நாளைக்கு? உன் அம்மா சொன்ன கெடு முடியட்டும். ஜன்னல் திண்டில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன். குருவி வந்தால் குடிக்கும்.

அண்ணி

*

பெரம்பலூர்
6.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்தார். நானும் சுகம், அவரும் சுகம் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஜெயசித்ரா பையைக் கொடுத்துவிட்டு, "இம்மாங் கனமா ஊறுகாய்க் கல்லு? ஒங்க அண்ணி எந்த ஊரு மாங்காயப் போடுறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது திரும்பி, "ஒரு மாசமா அந்த அம்மா சரியா சாப்பிடல. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். அவரைக் கோபிக்காதீர்கள்.

வீட்டில் யாருமில்லாத நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுச் சேலையைப் பிரித்தேன். நீங்கள் எழுதியது சரி. பார்க்கவுமில்லை, பார்க்காமலும் இல்லை. உதட்டோரம் ஒரு சின்னச் சிராய்ப்பு, மண்வெட்டி பட்டதாக இருக்கலாம். தலையில் சுருள் சுருளாக முடி. அதில் இரண்டு மூன்று சுருளில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அம்மியிலிருந்து வழிந்த மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். யார் அரைத்ததோ. நானாகக்கூட இருக்கலாம்.

அம்மாமீது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். இவர் பார்த்துவிட்டு யார் இது என்றார். அண்ணி அனுப்பின அந்தமான் கல் என்றேன். "நம்ம வீட்லயே நிம்மதியா இருக்குற ஒரே ஆளு இவர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி எல்லோரும் படுத்தபின் எதையோ எடுக்கப் போனவள் அவரிடம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேசுவதற்கென்று ஒருவர் இருந்தால் ஒரு நாள் எப்படி முடிகிறது என்பது இரண்டே நாளில் புரிந்துவிட்டது. நீங்கள் அவரோடு எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கணக்குப் போட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

வீரமணி அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, யாரும் வருவதற்கு முன்னால் நானே போய் அவரைக் கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்தபிறகு எல்லோரையும் கூப்பிடலாம். அதன்பின் சிமெண்டுக்கு அங்கே என்ன வேலை.

சாப்பிடுங்கள் அண்ணி.

மலர்

*

ஹட்பே
14.5.2024

அன்பு மலருக்கு,

விரைவுத் தபாலில் போடுகிறேன். ஜெயசித்ரா வாய் சும்மா இருக்காது. நான் சாப்பிடுகிறேன். நீ ராத்திரி கண் விழிக்காதே.

வைத்துப் பார்த்ததும் எழுது. நேராக உட்காருகிறாரா, எந்தப் பக்கம் பார்க்கிறார், வெயில் முகத்தில் படுமா, எல்லாம் எழுது. போட்டோ வேண்டாம். நீ எழுதினால் போதும்.

லீவு விட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாத நாலு பேர் மட்டும் இருக்கிறார்கள். தாத்தா எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். எப்ப வருவாரு டீச்சர் என்று ஒருத்தி விடாமல் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது. தூங்கு என்றேன்.

அண்ணி

*

பெரம்பலூர்
21.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான். கோடையில் பெய்யாத மழையெல்லாம் இந்த வாரம் பெய்கிறது.

நேற்று விடிகாலை முதல் பஸ்ஸில் போனேன். பையோடு அவர் என் மடியில் இருந்தார். வீரமணி அண்ணன் வாசல் சாவியைக் கொடுத்துவிட்டு, "என்னமோ வேண்டுதலுங்கிற. பண்ணிக்க. நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று ரோட்டுக்கு நடந்தார்.

மழை பெய்த ஈரம். செங்கல்லெல்லாம் சிவந்திருந்தது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து வெள்ளையாகப் பனி மாதிரி ஏதோ வந்து மேட்டைச் சுற்றி நின்றது. பிரித்து, இரண்டு கையாலும் ஏந்தி, கழுத்தின்மேல் வைத்தேன்.

பொருந்தவில்லை அண்ணி.

சிறியதாக இருக்கிறது. பெரிய பானையை வேறொரு பானையின் மூடியால் மூடியதுபோல். திருப்பித் திருப்பி வைத்தேன். வெட்டுண்ட இடம் எங்கேயும் ஒட்டவில்லை. பிறகுதான் தோளைப் பார்த்தேன். இடது தோளில் கல்லோடு கல்லாக ஒரு காது மடலின் நுனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை உடைந்தபோது அது மட்டும் உடலிலேயே தங்கியிருக்கிறது. நம்முடையவருக்கு இரண்டு காதும் நுனிவரை முழுசாக இருக்கின்றன. கல்லும் வேறு. அது சாம்பல், இவர் கறுப்பு.

இவர் வேறொருவர். வேறெங்கோ ஒரு வயலில், ஒரு குளத்துக்கரையில், இவருடைய உடல் இருக்கிறது, அல்லது இல்லை. மூன்று தலைமுறை மருமகள்கள் மூளிச்சாமியின் தலை என்று நினைத்து ஒளித்து வைத்தது மூளிச்சாமியின் தலையே இல்லை. அம்மா வருடாவருடம் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொன்னாரே, அந்த மனிதருக்கு இவரைத் தெரியவே தெரியாது.

அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது. அவர் மடியிலேயே இவரை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஒருவருக்குத் தலையில்லை, ஒருவருக்கு உடலில்லை, எனக்கு எதிரில் இருவரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்குத்தான் ஆறு மாதமாகத் தூக்கமில்லை. வெளிச்சம் மெல்ல ஏறியது. அந்த ஒரு கால் மணி நேரத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எதுவும் குறைவாக இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

வீரமணி அண்ணன் வரும் சத்தம் கேட்டு எடுத்துச் சுற்றிப் பையில் வைத்தேன்.

"வேண்டுதல் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுண்ணே."

"பை கனக்குது போல. வாங்கித் தரட்டுமா?"

"வேணாம். அண்ணிக்கு ஒரு சாமான். நானே வச்சிக்கிறேன்."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெற்றிச்செல்விக்கா? அப்ப சரி, பத்திரமா கொண்டு போ" என்றார். அவருடைய வெறும் மேசைக்கு இவரைக் கொடுத்திருக்கலாம். அட்டையும் மாற்றி எழுதியிருப்பார். கேட்டால் கொடுத்துவிடுவேனோ என்று பயந்துதான் வேகமாக நடந்தேன். சிமெண்டுத் தலை ஓலைப் பாயில் சுற்றி ஓரமாக இருந்தது. வியாழக்கிழமை வைத்துக்கொள்ளட்டும். அவர் பொறுத்துக்கொள்வார்.

பொருந்தியது, நேராக உட்கார்ந்தார், வெயில் முகத்தில் பட்டது என்று உங்களுக்கு எழுதிவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நீங்கள் நம்புவீர்கள். ஜன்னலில் செம்பை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவீர்கள். பிறகு, அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பவருக்காக நீங்கள் இவரை விட்டுக்கொடுத்தீர்கள், அவருக்கோ இவர் தேவையே இல்லை என்று தெரிந்தபின் நான் யாருக்காக இவரை இங்கே வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன். அரியலூர் வருவதற்குள் முடிவாகிவிட்டது.

இன்று கல்லூரியில் பதினைந்து நாள் விடுப்புக்கு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. கப்பல் முதல் தேதி புறப்படுகிறது. பெரம்பலூருக்கு வடக்கே சென்னையைத் தவிர எதையும் பார்த்ததில்லை, கடலில் கால் நனைத்ததோடு சரி. வீட்டுக்காரரிடம் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன், சொல்லவில்லை. வீரமணி அண்ணனுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப்போவதில்லை. அரிசி மூட்டைக்குள் அவரை வைத்து, தலைக்கு அடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் படுத்து வந்து, உங்கள் கையில் நானே கொடுப்பேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன்.

உங்கள்
மலர்